தபாலில் வளர்ந்த ஸ்பானிய இசை

எர்னெஸ்ட் ஷோசோன் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1896-ல் வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக 'பொயெம்' என்ற படைப்பை எழுதி முடித்தார். இன்று உலகின் பெரிய வயலின் கலைஞர்கள் எல்லோரும் வாசிக்கிற உருப்படி அது. அடுத்த வருடமே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த பழம்பெரும் இசைப் பதிப்பகமான பிரைட்கோப்ஃப் அண்ட் ஹேர்ட்டல் அதை அச்சிட்டது. கூடவே 300 மார்க் சன்மானமும் ஷோசோனுக்கு வந்து சேர்ந்தது. பணத்துக்குக் குறைவில்லாத குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவருக்கு இல்லாமலிருந்தது தன் எழுத்தின் மீதான நம்பிக்கைதான். அப்படிப்பட்ட ஒருவருக்கு, லைப்சிக்கில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் தன் இசையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி எவ்வளவு பெரியது!

உண்மையில் அந்தப் பதிப்பகம் அதை அச்சிட விரும்பவில்லை. படைப்பு பிடிபடாமல் இருக்கிறது, வாசிக்கக் கடினம், வாங்க ஆளிருக்காது என்று தயங்கியது. அச்சுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டு, அந்த 300 மார்க்கையும் கொடுத்து, 'உங்கள் சன்மானமாக அனுப்புங்கள், என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டவர் ஷோசோனின் ஸ்பானிய நண்பர் இசாக் அல்பெனிஸ். ஷோசோன் 1899-ல் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். கடைசிவரை அவருக்கு விஷயம் தெரியாது. பதிப்பகத்துக்கும் அல்பெனிஸுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து பிழைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

கிடார் பழகியவர்களுக்கு அல்பெனிஸைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'அஸ்தூரியாஸ்' அவருடையது (அவர் எழுதியது பியானோவுக்கு, கிடாருக்கு மாற்றியது மற்றவர்கள்). அவரையும் மனுவேல் தே ஃபாயா, என்ரிக்கே கிரனாடோஸ் ஆகிய சக ஸ்பானிய இசையமைப்பாளர்களையும் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு சித்திரத்தைத் தீட்டிவிடுகிறார்கள். ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவின் வெயில், கிடார், ஃபிளமெங்கோ. அந்த மண்ணிலிருந்து இசை தானாகப் பொங்கி வந்தது என்பதுபோல. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் அந்தச் சித்திரம் நிற்காது. ஸ்பானிய இசை என்று உலகம் இன்று கொண்டாடுவதில் பெரும்பகுதி பாரிஸிலும் நீஸிலும் உட்கார்ந்து எழுதப்பட்டது. பலமுறை திருத்தப்பட்டு, நண்பர்களின் கைக்காசில் அச்சாகி, யாரோ ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தால் மேடையேறியது. அந்தத் தலைமுறைக்கு உண்மையான இசைப் பள்ளி தபால்தான் என்பது என் கருத்து.

கட்டடங்களோடு இயங்கிய பள்ளிகள் இல்லாமல் இல்லை. மாட்ரிட்டில் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரி இருந்தது. ஃபாயா அங்கே பியானோவில் தேர்ச்சி பெற்றவர். ஆனால் படித்து வெளியே வரும் இளைஞனுக்குப் பிழைப்பு என்று இருந்தது ஒரே வழிதான்: சார்சுவேலா எனப்படும் வசனமும் பாட்டும் கலந்த இசை நாடகம். ஃபாயாவும் அதில் இறங்கிப் பார்த்தார், காசு வரவில்லை. சிம்பொனி, சேம்பர் இசை, தீவிரமான ஓபரா என்று யோசிப்பவனுக்கு ஸ்பெயினில் ரசிகரும் குறைவு, அரங்கமும் குறைவு. இந்தச் சூழலில்தான் ஃபெலிப்பே பெட்ரெல் வருகிறார்.

பெட்ரெல் 1841-ல் டொர்டோசாவில் பிறந்தவர். இசையமைப்பாளராக அவருக்குப் பெரிய வெற்றி எதுவும் கிடைக்கவில்லை. 1891-ல் எழுதி முடித்த 'பிரனீஸ் மலைகள்' ஓபரா மேடையேற 1902 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஓபராவோடு சேர்த்து அவர் வெளியிட்ட 'நம் இசைக்காக' என்ற சிறு நூல் ஒரு தலைமுறையையே திருப்பிவிட்டது. ஒவ்வொரு நாடும் தன் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்தே தன் கலையிசையைக் கட்ட வேண்டும் என்பது அதன் வாதம். சொன்னதோடு விடவில்லை. பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலய இசைமேதை விக்டோரியாவின் மொத்தப் படைப்புகளையும் பதிப்பித்தார். ஊர் ஊராகக் கிடைத்த நாட்டுப்புற மெட்டுகளைத் தொகுத்து நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார்.

மாட்ரிட்டில் 1900-களின் தொடக்கத்தில் ஃபாயா அவரிடம் பாடம் கேட்டார். பெட்ரெல் நுட்பப் பயிற்சியை அடித்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் இல்லை. ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஹார்மனி பயிற்சி, மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் கவுண்டர்பாயிண்ட் பயிற்சி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். பழைய சுரக்குறிப்புகளை எடுத்துவைத்துப் பேசுவார். ஒரு தாலாட்டுப் பாட்டுக்குள் என்ன ஸ்வர அமைப்பு ஒளிந்திருக்கிறது என்று காட்டுவார். பெட்ரெல் இறந்த மறு வருடம் ஃபாயா எழுதிய கட்டுரையில், தன் வேலைக்கு மிகத் தெளிவான, உறுதியான வழியைக் காட்டியது பெட்ரெலின் பாடம்தான் என்று நன்றியோடு சொல்கிறார். வழி காட்டினார் என்பதுதான் சரியான சொல். நடக்கக் கற்றுக்கொள்ள ஃபாயா வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

1905-ல் ஃபாயாவின் 'லா வீதா ப்ரேவே' என்ற ஓபரா சான் ஃபெர்னாண்டோ கலைக் கழகத்தின் போட்டியில் பரிசு வென்றது. பரிசு வந்தது, மேடை வரவில்லை. மாட்ரிட்டில் பியானோ பாடம் சொல்லிக்கொடுத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தவர், தான் அதுவரை நேரில் பார்த்திராத பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோட் டெபுஸிக்கு ஒரு கடிதம் எழுதினார். டெபுஸி 1904-ல் ஹார்ப்புக்கும் தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய இரண்டு நடனங்களை ஃபாயா ஒரு கச்சேரியில் பியானோவில் வாசிப்பதாக இருந்தார். எப்படி வாசிக்க வேண்டும் என்று விளக்கம் கேட்டுத்தான் அந்தக் கடிதம்.

டெபுஸி 1907 ஜனவரி 13 அன்று பதில் போட்டார். நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்வது கடினம், ஒரு தாளத்தின் துல்லியமான மதிப்பை எழுத்தில் நிரூபித்துக் காட்ட முடியாது, ஒரு சொற்றொடரின் பலவித பாவங்களை விளக்க முடியாததுபோலத்தான் என்று தொடங்குகிறார். உங்கள் சொந்த உணர்வை நம்புவதே நல்லது என்கிறார். அப்புறம் ஒரே ஒரு குறிப்புக் கொடுக்கிறார்: முதல் நடனத்தின் கம்பீரத்துக்கும் இரண்டாவதின் நளினத்துக்கும் நடுவே ஓர் இணைப்பு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்களைப் போன்ற இசைக்கலைஞருக்கு அது கஷ்டமாக இருக்காது, உங்கள் ரசனையை முழுதாக நம்பி விட்டுவிடுகிறேன் என்று முடிக்கிறார்.

இந்தக் கடிதத்தைத் தட்டிக்கழிப்பு என்று சிலர் வாசிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெபுஸி அப்போது புகழின் உச்சியில் இருந்தார். ஃபாயா பெயரில்லாத முப்பது வயதுப் பியானோ வாத்தியார். இத்தனை வேகத்தில் வாசி, இங்கே நிறுத்து என்று நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, இந்த இசையில் தேட வேண்டிய இடம் எது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேடுவதை ஃபாயாவிடமே விட்டிருக்கிறார். அதே வருடம் கோடையில் ஃபாயா பாரிஸுக்குக் கிளம்பினார். சில நாள் தங்கத்தான் போனார். ஏழு வருடம் ஆகிவிட்டது.

பாரிஸில் முதலில் அவரைத் தூக்கிவிட்டவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் போல் டுகாஸ். 'லா வீதா ப்ரேவே'யை ஃபாயா பியானோவில் வாசித்துக் காட்ட, டுகாஸ் பாராட்டியதோடு நிற்காமல் அவரை அல்பெனிஸிடம் அனுப்பிவைத்தார். பள்ளியில் சேராதே, நீயே உழை, ஆர்கெஸ்ட்ரா எழுத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம் வா என்பதுதான் அவர் சொன்ன யோசனை. அல்பெனிஸ் ஸ்பானிய அரசரிடமிருந்து ஒரு சிறு உதவித்தொகை கிடைக்க வழிசெய்தார்.

ஃபாயாவின் 'நான்கு ஸ்பானியத் துண்டுகள்' பதிப்பாளர் டுராண்டிடம் போனதும் இந்த வட்டத்தால்தான். டுகாஸ், டெபுஸி, ரவேல் மூவரும் சொல்லியிருக்கிறார்கள், அனுப்பிவையுங்கள் என்று பதிப்பாளரே கேட்டார். கொடுத்த விலை 300 பிராங்க். டெபுஸி தன் புகழ்பெற்ற நால்வர் குவார்ட்டெட்டை அதே டுராண்டுக்கு விற்றது 250 பிராங்குக்கு! ஃபாயாவுக்குத் தன்னைவிட ஐம்பது பிராங்க் அதிகம் என்று டெபுஸி சொன்னதாக ஃபாயாவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நான்கு துண்டுகளை அவர் அல்பெனிஸுக்குச் சமர்ப்பணம் செய்தார்.

அல்பெனிஸ் அப்போது சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டிருந்தார். 1905-லிருந்து 1908 வரை அவர் எழுதிய 'இபேரியா' பன்னிரண்டு பியானோ உருப்படிகள் கொண்டது. மூன்று மூன்றாக நான்கு தொகுதி. ஒவ்வொன்றும் ஓர் ஊர், ஒரு பேட்டை, ஒரு நடனம் என்று ஸ்பெயினைப் பற்றியது. எழுதப்பட்டது முழுக்க பிரான்ஸில். இதை எழுத அவரைத் தூண்டிய ஒருவர் பார்சலோனாவில் இருந்தார்: ஹோவாகின் மலாட்ஸ் என்ற பியானோ கலைஞர். 1906-ன் கடைசியில் மலாட்ஸ் இரண்டாம் தொகுதியிலிருந்து 'டிரியானா'வை ஸ்பெயினில் வாசித்தார். பலத்த வரவேற்பு. அந்தச் செய்தி கிடைத்த பிறகு அல்பெனிஸின் கடிதங்களில் ஒரு வேகம் வந்துவிடுகிறது.

1907 ஆகஸ்ட் 22 தேதியிட்ட கடிதத்தில், "என் பாவங்களின் இந்த இபேரியா"வை அடிப்படையில் உன்னால்தான், உனக்காகத்தான் எழுதுகிறேன் என்று மலாட்ஸிடம் சொல்கிறார். ஸ்பானியத் தன்மையையும் கைக்கடினத்தையும் எல்லைக்கே கொண்டுபோய்விட்டதாகவும் அதற்குக் காரணம் நீதான் என்றும் செல்லமாகக் குற்றம்சாட்டுகிறார். இது விளையாட்டுப் பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் தொகுதியில் வரும் 'லவாப்பியெஸ்' இன்றும் பியானோ கலைஞர்களைத் திணறடிக்கிறது. கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒரே பக்கத்தில் அடைத்துக்கொண்டு ஸ்வரங்கள் நிற்கின்றன. இப்படி எழுத வேண்டுமானால், எதிர்முனையில் இதை வாசிக்கக்கூடிய இரண்டு கைகள் இருக்கின்றன என்ற உறுதி வேண்டும். மலாட்ஸின் கைகள் இல்லாவிட்டால் இபேரியா இந்த இபேரியாவாக இருந்திருக்காது. அப்படியும் அல்பெனிஸுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஓர் இரவு தெருவில் எதிர்ப்பட்ட ஃபாயாவிடமும் பியானோ கலைஞர் ரிக்கார்டோ வீன்யெஸிடமும், யாராலும் வாசிக்க முடியாது, கைப்பிரதியைக் கொளுத்திவிடலாமா என்று நினைத்தேன் என்றாராம்.

ஹோவாகின் டுரீனாவின் கதையும் இதே வருடத்தைச் சேர்ந்ததுதான். செவில்லிலிருந்து வந்து பாரிஸில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1907 அக்டோபரில் ஐந்து வாத்தியங்களுக்கான அவருடைய குவிண்டெட் அரங்கேறியது. முழுக்க பிரெஞ்சுப் பாணி. கச்சேரி முடிந்ததும் அல்பெனிஸ் அவரையும் ஃபாயாவையும் ஒரு கஃபேக்கு அழைத்துப் போனார். உன் குவிண்டெட்டை அச்சிட ஏற்பாடு செய்கிறேன், ஆனால் இனிமேல் உன் ஆண்டலூசியப் பாட்டிலிருந்து எழுது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். சொன்னபடி அச்சிடவும் வைத்தார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ததுதான் அல்பெனிஸின் அழகு. பிடிக்காத பாணியில் இருந்தாலும் முதல் படைப்பு வெளியே வர வேண்டும், அப்போதுதான் அந்த இளைஞன் அடுத்ததை எழுதுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஷோசோன் விஷயத்தில் செய்ததும் இதுதானே.

அல்பெனிஸ் 1909 மே 18 அன்று பிரான்ஸின் தென்மேற்கே காம்போ என்ற சிற்றூரில் காலமானார். இன்னும் நாற்பத்தொன்பது முடியவில்லை. பாதியில் நின்ற இரண்டு பியானோ உருப்படிகளை நண்பர்கள் முடித்தார்கள்: 'நவாரா'வை அவருடைய பழைய மாணவர் தெயோதா தெ செவராக், 'அஸுலேஹோஸ்' என்பதைக் கிரனாடோஸ்.

கிரனாடோஸ் மலாட்ஸுக்கு எழுதிய கடிதங்களும் முக்கியமானவை. 1910 கோடையில், 'கோயெஸ்காஸ்' என்ற தொகுப்பை எழுதியிருப்பதாகவும் அது வீச்சும் கடினமும் மிகுந்த வேலை என்றும் தெரிவிக்கிறார். டிசம்பரில் இன்னும் மனம்திறந்து, ஓவியர் கோயாவின் உளவியல் மீதும் வண்ணப்பலகை மீதும் காதல் கொண்டுவிட்டேன் என்கிறார். அல்பெனிஸ், கிரனாடோஸ் இருவரின் தலைசிறந்த பியானோ படைப்புகளும் உருவாகும்போது கடிதம் போய்ச் சேர்ந்த முகவரி ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். மலாட்ஸ் 1912-ல் நாற்பது வயதில் இறந்தார். அவர் எழுதிய இசை என்று இன்று பெரும்பாலோருக்குத் தெரிந்திருப்பது ஒரு சின்ன செரனேட் மட்டும். ஆனால் ஸ்பானியப் பியானோ இசையின் வரலாற்றில் அவருக்குரிய இடம் அதைவிட மிகப் பெரியது, அதற்குச் சாட்சி இந்தக் கடிதங்கள்.

'கோயெஸ்காஸ்' பின்னர் ஓபராவாகி, 1916 ஜனவரி 28 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அரங்கேறியது. அந்தச் சமயத்தில் கிரனாடோஸ் தன் நண்பர், சார்சுவேலா இசையமைப்பாளர் அமடேயு வீவெஸுக்கு எழுதிய கடிதம் படிக்கிறவர்களை உலுக்கிவிடும். கடைசியில் என் கனவுகள் நனவாகிவிட்டன, தலை நரைத்துவிட்டது, ஆனாலும் இப்போதுதான் வேலையையே தொடங்குகிறேன் என்று சொல்லலாம் என்கிறார். நம் நாட்டின் அறியாமையும் அலட்சியமும் நம்மை இழுத்துவிடுகிற வீண் போராட்டத்தில் உயிர்பிழைத்த ஒருவன் நான் என்றும் எழுதுகிறார். பாரிஸைக் கனவு காண்கிறேன், திட்டங்கள் ஏராளம் என்கிறார்.

அதிபர் வில்சனின் வெள்ளை மாளிகையில் மார்ச் 7 அன்று வாசிக்க அழைப்பு வந்ததால், நேராக ஸ்பெயினுக்குப் போகிற கப்பலை விட்டுவிட்டு இங்கிலாந்து வழியாகத் திரும்பினார். மார்ச் 24 அன்று ஆங்கிலக் கால்வாயில் 'சஸ்ஸெக்ஸ்' கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதில் அவரும் மனைவி அம்பாரோவும் மாண்டார்கள். ஆறு பிள்ளைகள். செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் உடனே நியூயார்க்கில் அந்தப் பிள்ளைகளுக்காக நிதிக் கச்சேரி ஏற்பாடு செய்தார். பியானோவில் பாதரெவ்ஸ்கியும் வயலினில் கிரைஸ்லரும் வாசித்தார்கள்.

ஃபாயா 1914-ல் போர் தொடங்கியதும் ஸ்பெயினுக்குத் திரும்பியிருந்தார். 1918 மார்ச்சில் டெபுஸி இறந்தார். 'லா ரெவ்யூ மியூசிகால்' என்ற பாரிஸ் இதழ் 1920-ல் அவருக்கு அஞ்சலி இதழ் தயாரித்தபோது ஃபாயா ஒரு கட்டுரையும் ஒரு கிடார் உருப்படியும் அனுப்பினார். கிடார் கலைஞர் மிகேல் யோபெட் தனக்கு ஏதாவது எழுதித் தரும்படி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்; இரண்டு கடனும் ஒன்றாகத் தீர்ந்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் போகாத சின்ன உருப்படி. அதன் முடிவில், டெபுஸி ஆண்டலூசிய நகரமான கிரனாடாவைக் கற்பனை செய்து பியானோவுக்கு எழுதிய இசையிலிருந்து ஒரு கீற்று வந்து மறைகிறது.

கட்டுரையில் ஃபாயா சொன்னது அதைவிடத் துணிச்சலானது. டெபுஸிக்கு ஸ்பெயின் நேரில் தெரியாது. எல்லை தாண்டி சான் செபாஸ்டியனுக்குப் போய்ச் சில மணி நேரம் இருந்து ஒரு காளைச் சண்டை பார்த்ததோடு சரி. ஆனாலும் ஆண்டலூசியாவின் உண்மையை அவர் தொட்டுவிட்டார், நம்மில் பலர் மெட்டை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் அதன் சாரத்தை எடுத்தார் என்பது ஃபாயாவின் கருத்து. டெபுஸியின் 'லா புவெர்ட்டா தெல் வீனோ' என்ற சிறு பியானோ உருப்படி கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையின் ஒரு வாயிலைக் காட்டும் அஞ்சலட்டையிலிருந்து பிறந்தது. அந்த அட்டையை அனுப்பியவர் ஃபாயா என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஸ்பானியன் அனுப்பிய அட்டையைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் எழுதுகிறார், அந்த இசையைக் கேட்டு ஸ்பானியன் தன் ஊரைப் புதிதாகப் பார்க்கிறான். மண்ணின் இசை, அந்நிய இசை என்று கோடு போட்டுப் பிரிக்க நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஃபாயா 1920-ல் கிரனாடாவில் குடியேறினார். அல்ஹம்ப்ரா குன்றின் சரிவில் தோட்டத்தோடு கூடிய சின்ன வீடு, துணைக்குத் தங்கை மரியா தெல் கார்மென். கடிதம் எழுதுவதை அவர் ஒரு கடமையாகவே வைத்திருந்தார். வருகிற கடிதங்களைச் சேர்த்துவைப்பார். தான் அனுப்புகிறவற்றின் வரைவுகளையும் வைத்துக்கொள்வார். கிரனாடாவில் உள்ள மனுவேல் தே ஃபாயா ஆவணக் காப்பகத்தில் இன்று ஆயிரக்கணக்கில் கடிதங்கள் இருக்கின்றன. பொதுவாக ஒருவரின் கடிதத் தொகுப்பில் எதிர்க்குரல் மட்டும்தான் மிஞ்சும், ஏனென்றால் அவர் எழுதியவை ஊரெல்லாம் சிதறிப்போயிருக்கும். ஃபாயா விஷயத்தில் இரண்டு குரலும் கேட்கிறது. ஒரு சொல்லை எழுதி, அடித்து, மென்மையான இன்னொன்றைப் போட்டதுகூடத் தெரிகிறது.

அந்த மென்மை எங்கே வரை போகும், எங்கே நிற்கும் என்பதற்குக் கவிஞர் லோர்க்காவுக்கு அவர் 1929 பிப்ரவரியில் எழுதிய கடிதமே போதும். ஃபாயாவைவிட லோர்க்கா இருபத்தொரு வயது இளையவர். இருவரும் சேர்ந்து 1922 ஜூனில் அல்ஹம்ப்ராவில் 'காந்தே ஹோந்தோ' எனப்படும் ஆதி ஆண்டலூசியப் பாட்டுக்குப் போட்டி நடத்தினார்கள். 1923 ஜனவரியில் லோர்க்காவின் வீட்டில் குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் போட்டார்கள், இசை ஃபாயா. பின்னர் லோர்க்கா கிறிஸ்தவ நற்கருணையைப் பற்றி ஒரு நீண்ட கவிதையின் பகுதிகளை வெளியிட்டு, அதை ஃபாயாவுக்குச் சமர்ப்பித்தார். படிமங்கள் துணிச்சலானவை. ஃபாயாவோ தினமும் ஜெபிக்கிற, விரதம் காக்கிற ஆழ்ந்த கத்தோலிக்கர். முன்கூட்டிச் சொல்லாமல் வந்த சமர்ப்பணம் வேறு.

ஃபாயா என்ன செய்தார்? சமர்ப்பணத்துக்கு நன்றி சொன்னார். பெருமைப்படுகிறேன் என்றார். பிறகு, இந்தப் பொருளில் நமக்குள்ள வேறுபாடு உனக்கே தெரியும் என்று தொடங்கி, நானாக இருந்தால் ஆன்மாவை மண்டியிடவைத்து இதை எழுதியிருப்பேன் என்று எழுதினார். பொன், தூபம், வெள்ளைப்போளம் ஆகிய காணிக்கைகளை எதுவும் கலக்காமல் தூய்மையாகப் படைக்க வேண்டும் என்றார். முழுக் கவிதை வரும்போது பார்க்கலாம் என்று அதில் நம்பிக்கையும் வைத்தார். தன் மனத்தில் பட்டதை ஒளிக்கவில்லை, நட்பையும் முறிக்கவில்லை. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்து, ஆகஸ்டில் லோர்க்கா கைதானபோது, பயந்த சுபாவமுள்ள, நோயாளியான இந்த மனிதர் அவரைக் காப்பாற்ற வழி தேடிக் கிளம்பினார். அதற்குள் சுட்டுக்கொன்றுவிட்டார்கள்.

ஃபாயாவைக் குருவாகப் பார்க்க வேண்டுமானால் செவில்லின் 'ஓர்க்கெஸ்தா பெத்திகா' என்ற சிறிய ஆர்கெஸ்ட்ராவைப் பற்றிய கடிதங்களைப் படிக்க வேண்டும். அவருடைய 'பேத்ரோ வாத்தியாரின் பொம்மலாட்டம்' 1923-ல் செவில்லில் ஒலித்த பிறகு, அந்தக் கலைஞர்களை வைத்தே 1924-ல் இந்தக் குழு உருவானது. நடத்த அவர் தேர்ந்தெடுத்தது எர்னெஸ்டோ ஹால்ஃப்டர் என்ற பையன், வயது பத்தொன்பது. செவில்லில் செல்லோ கலைஞர் செகிஸ்முந்தோ ரொமேரோவும் கதீட்ரலின் இசைத்தலைவர் எதுவார்தோ டொரெஸும் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். ஃபாயாவின் கடிதங்களில் தத்துவம் குறைவு. வாத்தியப் பகுதிகள் பிரதியெடுத்தாகிவிட்டதா, ஒத்திகை போதுமா, நிகழ்ச்சி நிரலில் எது முதலில் என்பதுதான் மிகுதி. கலை இப்படித்தான் கைமாறுகிறது என்று எனக்குத் தோன்றும். ஹால்ஃப்டரின் 'சின்ஃபோனியெட்டா' 1925-ல் தேசியப் பரிசு பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டு மாட்ரிட்டில் வாழ்ந்த இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் தெளிவு அதில் கேட்கும். ஃபாயாவே அந்தக் காலத்தில் அந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருந்தார்.

எல்லோருக்கும் ஃபாயா கிடைக்கவில்லை. பெட்ரெலின் கடைசி மாணவர் ரொபெர்ட் ஜெரார்ட், கட்டலோனியாவின் வால்ஸ் ஊர்க்காரர். 1922-ல் பெட்ரெல் இறந்ததும் ஃபாயாவிடம் போக முயன்றார், நடக்கவில்லை. நாட்டுப்புற மெட்டில் ஊறியவர், ஆனால் நுட்பம் போதவில்லை என்ற தவிப்பு. அதே குறைதான் சுமார் பதினைந்து வருடம் முன்பு ஃபாயாவைப் பாரிஸுக்குத் துரத்தியது. ஜெரார்ட் 1923 அக்டோபரில் வியன்னாவில் இருந்த இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க்குக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் குழப்பத்தையும் போதாமையையும் மறைக்காமல் எழுதி, மாணவனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டார். ஷோன்பெர்க் ஏற்றுக்கொண்டார். ஐந்து வருடம் வியன்னாவிலும் பெர்லினிலும் படிப்பு. பின்னர் 1931-ல் ஆஸ்துமாவோடு அவதிப்பட்ட ஷோன்பெர்க்குக்குப் பார்சலோனாவில் வீடு பார்த்துக் கொடுத்தவர் இந்த மாணவர்தான். ஷோன்பெர்க்கின் 'மோசேயும் ஆரோனும்' ஓபராவின் இரண்டாம் அங்கம் அங்கேதான் முடிந்தது. ஷோன்பெர்க்கின் மகள் நூரியா அந்த ஊரில்தான் பிறந்தாள்.

சரி, ஜெரார்ட் வியன்னாப் பள்ளிக்காரர் ஆகிவிட்டாரே, பெட்ரெல் என்ன ஆனார்? போரில் குடியரசு தோற்றதும் ஜெரார்ட் கேம்பிரிட்ஜில் அகதியானார். 1941, பெட்ரெல் பிறந்து நூறாவது ஆண்டு. அந்த வருடம் ஜெரார்ட் பெட்ரெலின் தொகுப்பிலிருந்து எட்டுப் பாடல்களை எடுத்து அமைத்தார், பெட்ரெலுக்கு அஞ்சலியாக ஒரு சிம்பொனியும் எழுதினார். ஸ்பெயினில் அன்று அவர் இசைக்கு இடமில்லை. ஃபாயாவும் தன் அஞ்சலித் தொகுப்பான 'ஓமெனாஹெஸ்' என்பதை நாடு கடந்துதான் நிறைவு செய்தார். 1939 நவம்பரில் புவெனஸ் அயர்ஸில் அதை அவரே நடத்தினார். மாட்ரிட்டின் நடத்துநர் ஆர்போஸ், டெபுஸி, டுகாஸ், பெட்ரெல் என்று நான்கு பெயர்களுக்கு நான்கு பகுதி. அதில் டெபுஸிக்கானது அந்தப் பழைய கிடார் உருப்படியேதான், ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியது.

இந்தச் சங்கிலியில் ஹோவாகின் ரொட்ரிகோவும் உண்டு. பார்வையில்லாதவர், பாரிஸில் டுகாஸிடம் படித்தவர். 1934-ல் அவரும் மனைவி விக்டோரியாவும் வறுமையால் பிரிந்து வாழ நேர்ந்தபோது, ஃபாயாவின் சிபாரிசு அவருக்குப் பாரிஸ் உதவித்தொகை கிடைக்கக் கைகொடுத்தது. 1940-ல் அரங்கேறிய அவருடைய 'கொன்சியெர்த்தோ தெ அரன்ஹுவெஸ்' இன்று உலகில் அதிகம் கேட்கப்படுகிற கிடார் கான்செர்ட்டோ.

ஃபாயா 1946 நவம்பரில் அர்ஜென்டினாவின் ஆல்டா கிராசியாவில் இறந்தார். 1927 முதல் எழுதிவந்த 'அட்லாண்டிடா' என்ற பெரும் கோரஸ் படைப்பு முடியாமல் நின்றது. முடித்துக்கொடுக்கும் பொறுப்பு ஹால்ஃப்டருக்கு வந்தது. அவர் முன் இருந்தவை ஃபாயாவின் தாள்கள்: சில பகுதிகள் முழுமையாக, சில வெறும் துணுக்குகளாக, சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள். 1962-ல் மிலானின் லா ஸ்காலாவில் மேடையேறியது. ஹால்ஃப்டருக்குத் திருப்தியில்லை, மறுபடி திருத்திய வடிவம் 1976-ல் லூசர்னில் வந்தது. அதன் எந்த வரி குருவுடையது, எது சீடனுடையது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பெத்திகா காலத்தில் இப்படி ஒரு சந்தேகம் வந்திருந்தால் செவில்லிலிருந்து கிரனாடாவுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பார், பதில் வந்திருக்கும்.